லித்தோரியா மாவட்டம், 1934: சதுப்பு வற்றியதால் பிறந்ததா, உத்தரவால் பிறந்ததா?

4 ஜனவரி, காலை 10.12 (கேள்வி)

இத்தாலியில் முசோலினி காலத்து லித்தோரியா மாவட்டம் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். இன்றைக்கு அதன் பெயர் லத்தீனா. ரோமுக்குத் தெற்கே உள்ள பொந்தீனோ சதுப்பை வற்றவைத்தார்கள், குடியேறியவர்கள் பெருகினார்கள், ரோமிலிருந்து நிர்வகிக்க முடியவில்லை, அதனால் 1934 டிசம்பர் 18இல் தனி மாவட்டம் ஆக்கினார்கள் என்றுதான் பார்த்த இடமெல்லாம் இருக்கிறது. இது சரிதானா? இன்னொன்று, ‘புரொவின்ச்சா’ என்பதை மாகாணம் என்று எழுதுவதா, மாவட்டம் என்று எழுதுவதா?

4 ஜனவரி, மாலை 6.30

மாவட்டம் என்றே எழுதுங்கள். மாகாணம் என்றால் நம் காதில் சென்னை மாகாணம் விழும், அளவே மாறிவிடும். அதன் தலையில் இருந்த ‘பிரெஃபெத்தோ’வுக்கு நம் கலெக்டரை நினைத்தால் பாதி புரியும். ஊராட்சித் தலைவரை நியமிக்கப் பரிந்துரைப்பது, நீக்க வைப்பது, பத்திரிகையை நிறுத்துவது, ஆளைத் தீவுக்கு அனுப்புவது எல்லாவற்றையும் கூட்டினால் மீதிப் பாதி.

முதல் கேள்விக்கு: சரியில்லை. லித்தோரியா ஊருக்கு அடிக்கல் நாட்டியது 1932 ஜூன் 30, திறப்பு விழா அதே ஆண்டு டிசம்பர் 18, நடுவில் 171 நாள். சரியாக இரண்டு ஆண்டு கழித்து அதே டிசம்பர் 18இல் அது மாவட்டத் தலைநகர். அதற்குக் கீழே வந்த ஊர்களைப் பாருங்கள்: தெர்ராச்சீனா, செஸ்ஸே, கோரி, ஃபோந்தி, ஃபோர்மியா, கயேத்தா, மிந்தூர்னோ. எல்லாம் ரோமானியர் காலத்திலேயே பெயர் வாங்கிய ஊர்கள். அவற்றை விட்டுவிட்டு, சுவர்ப் பூச்சு காயாத ஊருக்குத் தலைமை கொடுத்தார்கள்.

சதுப்புதான் காரணம் என்றால் தெற்குப் பாதி எதற்கு உள்ளே வந்தது? ஃபோர்மியாவும் கயேத்தாவும் மலையும் கடலும் சேர்ந்த ஊர்கள். மிந்தூர்னோ கரிலியானோ ஆற்றங்கரையில் இருக்கிறது. பொந்தீனோ சமவெளிக்கும் இவற்றுக்கும் ஒட்டு கிடையாது. புதிய தலைநகருக்கு மாவட்டம் என்று சொல்லும் அளவுக்குப் பரப்பு வேண்டியிருந்தது, அதற்காகச் சேர்த்தார்கள் என்பது என் வாசிப்பு.

5 ஜனவரி, காலை 7.05

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். டிசம்பர் 18 விழா நாள் மட்டுமே. மாவட்டத்தை உருவாக்கிய ஆணைச் சட்டம் 1934 அக்டோபர் 4, எண் 1682. கட்டுரையில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று விடக்கூடாது, ஏனென்றால் இரண்டு தேதிகளும் வெவ்வேறு ஃபாசிச ஆண்டுகளில் விழுகின்றன. முசோலினி ஆட்சிக்கு வந்த 1922 அக்டோபரிலிருந்து எண்ணி, ரோமன் எண்ணில் எழுதிய ஆண்டுக் கணக்கு அது. ஆணை 12ஆம் ஆண்டு, விழா 13ஆம் ஆண்டு. புதிய ஆண்டு அக்டோபர் 29இல் தொடங்கும். கணக்கு இதுதான்: ஜனவரி 1 முதல் அக்டோபர் 28 வரையுள்ள தேதியானால் ஆண்டிலிருந்து 1922ஐக் கழியுங்கள், அக்டோபர் 29 முதல் டிசம்பர் 31 வரையானால் 1921ஐக் கழியுங்கள். 1932 ஜூன் 30 என்றால் 10. அதே ஆண்டு டிசம்பர் 18 என்றால் 11. ஆவணத்தில் ரோமன் எண் மட்டும் இருந்து மாதம் அழிந்துபோயிருந்தால் அது எந்த ஆண்டு என்று ஒற்றையாக முடிவு செய்யாதீர்கள். இரண்டு கிறிஸ்தவ ஆண்டுகளுக்கும் இடம் விட்டுக் குறியுங்கள். அடிக்கல் 11ஆம் ஆண்டு என்று தவறாக எழுதப்படுவது இந்த இடத்தில்தான்.

6 ஜனவரி, இரவு 9.40

லித்தோரியாவைத் தனியாகப் பார்த்தால் விளங்காது. 1927 ஜனவரி 2 ஆணையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே கையெழுத்தில் 17 புதிய மாவட்டங்கள் வந்தன: ஃபுரொசினோனே, வித்தெர்போ, ரியெத்தி, பெஸ்காரா, மத்தேரா, நுவோரோ, ரகூசா, பொல்சானோ என்று நீளும் பட்டியல். அதே ஆணையில் கசேர்த்தா மாவட்டம் மறைந்தது. ‘தெர்ரா தி லவோரோ’ என்று நூற்றாண்டுகளாகப் பெயர் கொண்ட பகுதி அது. அதைத் துண்டு போட்டு நேப்பிள்ஸ், ஃபுரொசினோனே, ரோம், பெனெவெந்தோ, கம்போபாஸோ என்று பங்கிட்டார்கள்.

மாவட்டத்துக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த ‘சிர்கொந்தாரியோ’ என்ற உட்கோட்டங்களும் அதோடு போயின. நம் கோட்டாட்சியர் அலுவலகம் போன்ற அடுக்கு அது. அது போன பிறகு மலையுச்சியில் இருக்கும் சின்ன ஊரின் கோப்புகூட நேரே மாவட்டத் தலைநகருக்குத்தான் போகும்.

இதனால் ஃபோர்மியா ஊர்க்காரருடைய பத்திரத்தைத் தேடும்போது என்ன ஆகும் என்று பாருங்கள். 1926 என்றால் கசேர்த்தா. 1930 என்றால் ரோம். 1936 என்றால் லித்தோரியா. 1946 என்றால் லத்தீனா. வீடு நகரவில்லை, மேல் அலுவலகம் நான்கு பெயர் மாறிவிட்டது. முதலில் ஆவணத்தின் தேதி, அடுத்து அன்றைய மாவட்டம், அதற்குப் பிறகே ஆவணக் காப்பகம் என்ற வரிசையை விடாதீர்கள்.

8 ஜனவரி, இரவு 10.15

“தேர்தல் இல்லாமல் ஊராட்சி எப்படி நடந்தது?” என்று கேட்டிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1926 பிப்ரவரி 4 சட்டம், எண் 237, 5,000 பேருக்கு உட்பட்ட ஊர்களில் மேயரையும் மன்றத்தையும் எடுத்துவிட்டு ‘பொதெஸ்தா’ என்ற ஒற்றை அதிகாரியை வைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 3 ஆணை அதை எல்லா ஊர்களுக்கும் விரித்தது. நியமனம் அரச ஆணையால், 5 ஆண்டுக்கு. எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஆகவே வருமானம் உள்ள நிலக்கிழார், வக்கீல், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி இவர்களே வந்தார்கள். ஏழைக்கு அந்த நாற்காலி எட்டாது.

மாவட்ட மன்றத்தின் கதவு 1928 டிசம்பர் 27 சட்டத்தோடு மூடியது. தேர்ந்தெடுத்த மன்றத்தின் இடத்தில் ‘பிரேசிதே’ என்ற தலைவர், ஒரு துணைத் தலைவர், ‘ரெத்தோரே’ என்ற சில உறுப்பினர்கள். எல்லாரும் நியமனம். லித்தோரியா அதற்குப் பிறகு பிறந்த மாவட்டம். ஆகவே அந்த ஆட்சி முடியும்வரை தேர்ந்தெடுத்த மாவட்ட மன்றம் என்ற ஒன்றை அது கண்டதே இல்லை.

ஒரு தீர்மானத்தின் பயணம் இப்படிப் போகும். பொதெஸ்தா எழுதுவார், கூடவே ஊராட்சிச் செயலர் கையெழுத்திடுவார். 1928 முதல் அந்தச் செயலர் அரசு ஊழியர், ஊருக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். பிறகு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். நகல் பிரெஃபெத்தோ அலுவலகத்துக்குப் போகும். சாதாரண விஷயம் என்றால் ‘பார்த்தேன்’ என்ற முத்திரையோடு திரும்பும். கடன், வரி, பல ஆண்டுச் செலவு என்றால் மாவட்ட நிர்வாகக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அந்தக் குழுவின் தலைவரும் பிரெஃபெத்தோதான்.

ஆய்வு செய்கிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் எதிர்க்குரலே இருக்காது. ஒருவர் மட்டும் எழுதிய தீர்மானத்தில் விவாதம் எப்படி இருக்கும்? அதை வைத்து “மக்கள் ஒத்துப்போனார்கள்” என்று முடிவு கட்டுகிறார்கள். பக்கத்துக் கட்டில் இருக்கும் மனுக்களையும் மொட்டைக் கடிதங்களையும் பிரியுங்கள். கால்வாய் வேலையில் கூலி பிடித்தம், கிணற்றுத் தண்ணீர், உறவினருக்கு ஒப்பந்தம் எல்லாம் அங்கேதான் பேசப்படும். எந்த ஊரிலிருந்து எந்த மாதத்தில் மொட்டைக் கடிதம் கூடுகிறது என்று ஒரு தாளில் எண்ணி வையுங்கள். தீர்மானப் புத்தகம் மறைத்தது அதில் தெரியும்.

9 ஜனவரி, காலை 8.20

“எல்லாம் கட்சிக்காரர் கையில்தானே?” என்ற கேள்விக்குச் சுருக்கமாக: இல்லை. 1927 ஜனவரி 5 சுற்றறிக்கையில் மாவட்டத்தின் மிக உயர்ந்த அதிகாரி பிரெஃபெத்தோ என்றும், கட்சி அவருக்குக் கீழ் என்றும் முசோலினியே எழுதினார். 1926 நவம்பர் முதல் 1943 வரை உள்துறை அமைச்சரும் அவரே என்பதால் பிரெஃபெத்தோவின் தந்தி அவர் மேசைக்கே போகும். கட்சியின் மாவட்டச் செயலர் குடைச்சல் கொடுக்கலாம், ஆள் பரிந்துரைக்கலாம். முத்திரை அவரிடம் இல்லை.

12 ஜனவரி, இரவு 11.00

லித்தோரியாவில் மூன்றாவதாக ஒரு கையும் இருந்தது. அதனால்தான் இந்த மாவட்டம் மற்றவை போல் அல்ல. ‘ஒபேரா நசியொனாலே கொம்பத்தெந்தி’, முன்னாள் போர்வீரர்களுக்காக 1917இல் தொடங்கிய நிறுவனம். 1931 முதல் பொந்தீனோ நிலம் அதன் கையில். தலைவர் வலென்தீனோ ஒர்சொலீனி செஞ்செல்லி. ஊரை வரைந்த கட்டடக் கலைஞர் ஒரியோலோ ஃபுரெஸ்ஸொத்தி.

முசோலினிக்கு முதலில் இந்த ஊரே பிடிக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அவர் கொள்கை நகரங்களைச் சுருக்குவது. 1932 ஜூன் அடிக்கல்லுக்கு அவர் வரவில்லை, இதைப் பெரிதாக எழுதக்கூடாது என்று பத்திரிகைகளையும் அடக்கப் பார்த்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் பாராட்டத் தொடங்கியதும் நிலைமை மாறி, டிசம்பர் திறப்புக்கு அவரே வந்தார். அதற்குப் பிறகு அடுத்த புது ஊர்கள் வேகமாக எழுந்தன: சபௌதியா, அடிக்கல் முதல் திறப்பு வரை, 1933 ஆகஸ்ட் 5 முதல் 1934 ஏப்ரல் 15 வரை, 253 நாள். பொந்தீனியா திறப்பு 1935 டிசம்பர் 18.

நிறுவனம் கட்டிய பண்ணைகள் சுமார் 3,000. ஒவ்வொன்றும் மண்ணின் தரத்தைப் பொறுத்து 10 முதல் 30 ஹெக்டேர். வீட்டோடு தொழுவம், ரொட்டி அடுப்பு, கிணறு, சன்னலுக்குக் கொசு வலை. முகப்பில் நிறுவனத்தின் பெயர், பண்ணை எண், ஃபாசிச ஆண்டு. சுவரில் உள்ள அந்த ஆண்டு வீடு கட்டிய ஆண்டு, குடும்பம் வந்த ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நிலம் இலவசமாகக் கொடுத்தார்கள் என்று எழுதுவது பிழை. குடியேறியவர் வாரக்குடி. விளைச்சலில் பங்கு, நிறுவனத்தின் மேற்பார்வையாளர் சொல்லும் பயிர், எல்லாவற்றுக்கும் ஒரு பற்றுவரவுப் புத்தகம். விதை, உரம், மாடு எல்லாம் பற்றில் ஏறும். அறுவடை குறைந்தால் கடன் அடுத்த ஆண்டுக்குத் தாவும். வேலைக்குக் கை போதாத குடும்பத்துக்கும் பேச்சுக் கேட்காத குடும்பத்துக்கும் வெளியேற்ற நோட்டீஸ். சொந்தமாக்கும் வாக்குறுதி தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நிலமும் வீடும் கடனும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் பொதெஸ்தாவுக்கு என்ன வேலை மிஞ்சும்? பிறப்பு இறப்புப் பதிவும் தெருவிளக்கும்தான். மாவட்டம் வந்த மறு ஆண்டே, 1935இல், செஞ்செல்லி நீக்கப்பட்டு அரால்தோ தி குரொல்லலான்சா வந்தார். பிரெஃபெத்தோ அலுவலகமும் நிறுவனமும் ஒரே ஊரில் எதிரெதிரே உட்கார்ந்த பிறகு ஒருவர் அதிகாரம் மற்றவரை உரசத்தான் செய்யும்.

13 ஜனவரி, காலை 6.50

நேற்று விட்டது: குடியேறியவர்கள் எல்லாரும் வடகிழக்கு இத்தாலியின் வெனேத்தோக்காரர்கள் என்று எழுதாதீர்கள். ஃபிரியூலியிலிருந்தும் ஃபெர்ராரா பக்கத்திலிருந்தும் வந்தவர்களும் உண்டு. லெப்பீனி மலையடிவாரத்து மக்களும், சதுப்பில் ‘லெஸ்த்ரா’ என்ற குடிசைக் கூட்டங்களில் பருவத்துக்கு வந்து தங்கிய இடையர்களும் விறகுவெட்டிகளும் பெரும்பாலும் பங்கீட்டுக்கு வெளியே நின்றார்கள். “ஆளில்லா நிலம்” என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் இவர்களை நினையுங்கள்.

15 ஜனவரி, இரவு 9.10

தண்ணீர் விஷயத்தை விளக்கச் சொன்னார்கள். மூன்று அடுக்கு. மலையிலிருந்து இறங்கும் வெள்ளம் சமவெளிக்குள் நுழையும் முன்பே மறித்துக் கடலுக்குத் திருப்புவது மேல்நீர்க் கால்வாய். அன்றைய பெயர் முசோலினி கால்வாய். நடு மட்டத்து நீர் தன் சரிவிலேயே ஓடும். கடல் மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழும் கிடக்கும் பள்ளத்து நீருக்கு வழி கிடையாது, இறைத்தே ஆக வேண்டும். பொந்தீனியா அருகே மத்ஸொக்கியோ இறைவை நிலையம், 6 பம்பு, ஒவ்வொன்றும் வினாடிக்கு 6 கன மீட்டர். மொத்தம் வினாடிக்கு 36,000 லிட்டர்.

ஆகவே “சதுப்பை வற்றவைத்தார்கள்” என்று முடிந்த காலத்தில் எழுதுவதே தவறு. பம்பு ஓடுகிறவரைதான் அது நிலம். கரை உடைந்தால், ஓடையில் நாணல் அடைத்தால், மின்சாரம் நின்றால் நீர் தன் பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்த நிலையத்து ஊழியரின் ஒவ்வொரு வேளை வேலையிலும்தான் அந்த மாவட்டம் நின்றது.

20 ஜனவரி, மாலை 5.30

தீவுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெந்தொத்தேனேயும் பொன்சாவும் இன்று லத்தீனா மாவட்டத்தில் இருக்கின்றன. அன்று இரண்டும் நாடு கடத்தல் தீவுகள். 1926 நவம்பர் காவல் சட்டப்படி ஒருவரைத் தீவுக்கு அனுப்ப நீதிமன்றம் தேவையில்லை. பிரெஃபெத்தோ தலைமையில் அரசு வழக்கறிஞர், காவல் தலைவர், கராபினியேரி என்ற ராணுவக் காவல் படையின் அதிகாரி, கட்சிப் படை அதிகாரி கூடி 1 முதல் 5 ஆண்டு வரை எழுதிவிடலாம். குற்றம் நடந்திருக்க வேண்டியதில்லை, நடக்கலாம் என்ற சந்தேகம் போதும். தினப்படி 10 லீரா கொடுத்தார்கள், பிறகு அதையும் 5 ஆக்கினார்கள். அல்தியேரோ ஸ்பினெல்லியும் எர்னெஸ்தோ ரொஸ்ஸியும் ஐரோப்பியக் கூட்டாட்சிக்கான அறிக்கையை 1941இல் எழுதியது வெந்தொத்தேனேயில்தான். பதவி பறிபோன முசோலினியை 1943 ஜூலை கடைசியில் சில நாள் வைத்திருந்தது பொன்சாவில்.

கட்டுரையில் நீலவானமும் புது ஊர்களும் மட்டும் வந்தால் போதாது. கடலுக்குள் தெரியும் அந்த இரண்டு தீவுகளும் வரவேண்டும்.

23 ஜனவரி, இரவு 10.45

1943 செப்டம்பருக்குப் பிறகு. ஜெர்மன் படை வந்தது, ஜெர்மானியர் ஆதரவில் முசோலினியின் சாலோ அரசு வடக்கே எழுந்தது. பிரெஃபெத்தோ என்ற பெயர் ‘மாவட்டத் தலைவர்’ என்று மாறிக் கட்சிப் பதவியும் அரசுப் பதவியும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. ஜனவரி 9 குறிப்பில் சொன்ன 1927 ஏற்பாடு அதோடு முடிந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் ஜெர்மானியர் பம்புகளை நிறுத்தி, கடல்நீர் உள்ளே ஏற வழி விட்டார்கள். இந்தக் கடற்கரையில் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் லாப்ராங்கியே கொசுவின் புழு, உப்பு கலந்த நீரில் நன்றாக வளரும். மலேரியா மருந்தான கொயினாவின் கையிருப்பையும் மக்களிடமிருந்து எடுத்தார்கள். 1944 ஜனவரி 22இல் அன்சியோவில் நேச நாட்டுப் படை இறங்கியது. அந்த முசோலினி கால்வாயே நான்கு மாதம் போர்முனையின் வலது ஓரம். லித்தோரியா 1944 மே 25இல் விடுதலை.

மாவட்டத்தில் பதிவான மலேரியா நோயாளிகள்: 1943இல் 1,217 பேர், 1944இல் 54,929 பேர், 1945இல் 42,712 பேர். மொத்த மக்கள் தொகையே சுமார் 2,45,000. வீட்டுக்கு வீடு காய்ச்சல் என்று சொன்னால் மிகை இல்லை.

24 ஜனவரி, காலை 7.30

“அப்படியானால் இது உயிரியல் ஆயுதமா?” ஜெர்மன் பூச்சியியலாளர் எரிக் மார்த்தினியின் ஆலோசனையை வைத்து ஆம் என்கிறார்கள் சிலர். டாங்கிகளைத் தடுக்க வெள்ளம் விட்டார்கள், நோய் அதன் பின்விளைவு என்கிறார்கள் வேறு சிலர். நன்னீர் போதுமாயிருந்த இடத்தில் உப்புநீர் ஏன் என்ற கேள்விதான் என்னை முதல் பக்கம் சாய்க்கிறது. கட்டுரையில் எண்களை உறுதியாகவும் நோக்கத்தை விவாதமாகவும் எழுதுங்கள்.

நேற்று எழுதியதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். அவை பதிவான எண்ணிக்கை மட்டுமே. போரில் ஓடித் திரிந்தவர்கள் எந்த மருத்துவரிடமும் பதியவில்லை. உண்மை அதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

2 பிப்ரவரி, இரவு 9.00

கட்டுரையின் கடைசிப் பகுதியை “1945இல் எல்லாம் முடிந்தது” என்று முடித்திருக்கிறீர்கள். பெயர்ப் பலகையைப் பொறுத்தவரை உண்மை. 1945இல் லித்தோரியா லத்தீனா ஆனது. கசேர்த்தா மாவட்டமும் அதே ஆண்டு திரும்பி வந்தது. ஆனால் கயேத்தாவும் ஃபோர்மியாவும் அதனிடம் திரும்பவில்லை. ஃபாசிச ஆட்சி கிழித்த கோடு அப்படியே நின்றது.

நிர்வாகத்தைப் பாருங்கள். ஊராட்சித் தேர்தல் 1946இல் வந்துவிட்டது. மாவட்ட மன்றத் தேர்தலுக்கு 1951 சட்டம் வரை காத்திருந்தார்கள். 1934 மார்ச் 3இல் வந்த ஊராட்சி, மாவட்டச் சட்டத் தொகுப்பின் பெரும்பகுதி 1990இல் புதிய சட்டம் வரும் வரை நடப்பில் இருந்தது. முத்திரையில் சின்னம் மாறியது, கோப்பு போகும் வழி வெகுகாலம் மாறவில்லை. வண்டி எண் பலகையில் லித்தோரியாவுக்கு இருந்த எல்.டி. என்ற இரண்டெழுத்து லத்தீனாவுக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

5 பிப்ரவரி, காலை 8.15

தேடும்போது பெயர்கள் காலை வாரும். 1932க்கு முன் லித்தோரியா இருந்த இடம் ‘குவத்ராத்தோ’ என்ற வேலையாள் குடியிருப்பு. சின்ன ஊர்களுக்கு முதல் உலகப் போரின் களங்களைப் பெயராக வைத்தார்கள்: போர்கோ பொத்கோரா முன்பு செஸ்ஸானோ, போர்கோ கிராப்பா முன்பு கசால் தெய் பீனி, போர்கோ சபொத்தீனோ முன்பு பாஸ்ஸோ ஜெனொவேசே. சிஸ்தெர்னா முதலில் ‘சிஸ்தெர்னா தி ரோமா’, பிறகு ‘தி லித்தோரியா’, இப்போது ‘தி லத்தீனா’. மூன்றும் ஒரே ஊர். மேல்நீர்க் கால்வாய் என்று வரைபடத்தில் இருந்தால் அது போருக்குப் பிந்தையது.

அப்ரீலியா, பொமேசியா பற்றிக் கேட்டவருக்கு: ஐந்து புது ஊர்களில் அவை நான்காவதும் ஐந்தாவதும். திறப்பு 1937 அக்டோபர் 29, 1939 அக்டோபர் 29. நாளைக் கவனியுங்கள், இரண்டும் ஃபாசிசப் புத்தாண்டு நாள். அப்ரீலியா இன்று லத்தீனா மாவட்டத்தில், பொமேசியா ரோமில். பொமேசியாவின் கோப்பை லத்தீனாவில் தேடி நாளை வீணாக்க வேண்டாம்.